கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். உன் கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படத்தில் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நானும் இருக்கிறேன். முழங்கால் வலியைத் தவிரப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டுரையை நீ எனக்கு அனுப்பவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் தன் போனில் காட்டினார். "என்னங்க, ஒங்க வீட்டம்மாவப் பத்தித் தம்பி எழுதியிருக்கு. படிச்சுட்டு எங்க வீட்ல அழுதுருச்சு" என்றார். கடை வாசலில் நின்றபடியே படித்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த உன் அம்மாவுக்கு நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய பறவைப் படங்கள் ஆறுதலாக இருந்தன என்றும், மயில் படத்துக்கு அவள் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள் என்றும், கடைசி மூச்சுவரை அவள் கண் அந்தச் சுவரை விட்டு அகலவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். உனக்கு இவ்வளவு தமிழ் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நீ எழுதுவதெல்லாம் "ஓகேப்பா" மட்டும்தானே.

அடுத்த வாரமே போன் செய்தாய். சென்னையில் அந்தப் படங்களை வைத்துக் கண்காட்சி, நீயும் மருமகளும் சேர்ந்து நடத்தப்போகிற படக்கடையின் திறப்புவிழா எல்லாம் ஒன்றாக. பெயர்கூட வைத்துவிட்டாய், 'அம்மாவின் சுவர்' என்று. "நீங்கதான்ப்பா குத்துவிளக்கு ஏத்தணும். ஏத்திட்டு ரெண்டு வார்த்தை பேசணும். அம்மா அந்தப் படங்களப் பாத்துக்கிட்டேதான் போனாங்கன்னு நீங்க சொன்னா அதுக்கு மரியாதையே தனி" என்றாய். பார்க்கலாம் என்றேன். கண்டக்டராக இருந்த காலத்தில், நிறுத்தமில்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவர்களிடமும் அப்படித்தான் சொல்வேன். அவர்களுக்குப் பதில் தெரிந்துவிடும். உனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ ஊரறிய எழுதினாய். நானும் ஊரறியவே எழுதுகிறேன். நீ எழுதிய அதே இதழுக்குத்தான் இதையும் அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் மருந்துக்கடையில் ஒட்டிவைக்கிறேன்.

முதலில் உன் அம்மா எப்படி விழுந்தாள் என்று உனக்குத் தெரியுமா? "கொல்லையில விழுந்துட்டாடா, இடது பக்கம் இழுத்துக்கிச்சு" என்று நான் போனில் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, என்ன ஸ்கேன், டாக்டர் பேர் என்ன என்று கேட்டாய். எல்லாம் சரியான கேள்விகள். அந்த வெயிலில் கொல்லைக்கு எதற்குப் போனாள் என்று மட்டும் கேட்கவில்லை. மயில் விரட்டப் போனாள், தம்பி. குளத்தூர்ப் பக்கம் நமக்கு இருக்கிற அந்தத் துண்டுக் கடலைக் கொல்லையை இப்போது மயில்தான் அறுவடை செய்கிறது. விதை போட்டால் முளைக்குமுன் கிளறித் தின்னும், காய் பிடித்தால் செடியோடு பிடுங்கிப் போடும். கல்லால் அடித்தால் வனத்துறைக்காரர் வருவார். அவர் விட்டாலும், விராலிமலைக்காரர் வாகனமாயிற்றே என்று உன் அம்மாவுக்கே கை வராது. ஒரு பழைய எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடுவாள். முருகனிடம் சண்டையும் போடுவாள். "ஒன் வண்டிய ஒழுங்காக் கட்டிப் போடத் தெரியாதாப்பா" என்பாள். அப்படி ஓடினவள்தான் டின்னோடு விழுந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தூக்கும்போது மயில்கள் பத்தடி தள்ளி நின்று மேய்ந்துகொண்டிருந்தனவாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டோம். இடது கையும் இடது காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருந்தது; அவள் பேசுவதை எனக்கும், பகலில் கவனிக்க வந்த ஆரோக்கியமேரிக்கும் பழகப் பழகப் புரிந்தது. கூடத்தில் வாசலைப் பார்த்த மாதிரி கட்டிலைப் போட்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆத்தா, எப்பிடி இருக்கீங்க" என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். கீரைக்காரி கூடையை இறக்கி அவளிடம் காட்டி விலை சொல்வாள். கீரை வாடிக் கிடக்கிறது என்று இவள் படுத்தபடியே பேரம் பேசுவாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அப்போதுதான் உன் படங்கள் வந்தன. நீளமான அட்டைக் குழாய்களில், ஈரம் படாமல், மடிப்பு விழாமல். குறை சொல்ல மாட்டேன், படங்கள் அழகு. மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பலகையாக ஒற்றி எடுப்பார்கள் என்று நீ விளக்கினாய். கண்ணாடி போடுமுன் விரலால் தடவிப் பார்த்தேன். மயிலின் கழுத்தில் காகிதம் லேசாக அழுந்தி, இறகு கைக்குத் தட்டுப்பட்டது. மனுஷன் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறான் என்று நினைத்தேன். கீழ ராஜ வீதியில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் கொக்குப் படத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு வெள்ளை சும்மா கெடக்கே சார், சுத்தி வெட்டிரவா? சட்டம் சின்னதாப் போதும்" என்று கேட்டதும், நீ வீடியோவில் பதறி, அந்த வெள்ளைதான் படமே என்று அவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்ததும் நினைவிருக்கிறதா? அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும், "தம்பி ரொம்பப் படிச்சிருக்கோ" என்றார்.

மாட்டி முடித்ததும் போனைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னாய். காட்டினேன். கட்டில் சரியில்லை என்றாய். "அம்மா அங்கிட்டுப் பாத்துப் படுத்திருந்தா படத்த எப்பிடிப்பா பாப்பாங்க? தலைமாடு வாசல் பக்கம் வரட்டும். ஜன்னல் வெளிச்சம் படத்துல விழணும், அவங்க கண்ணுல விழக்கூடாது. பறவையும் பூவும் பாத்துக்கிட்டிருந்தா மனசு அமைதியாகும், படிச்சிருக்கேன்" என்றாய். எனக்கு ஒருவிதமாகத்தான் இருந்தது. ஆனால் உன் குரலில் அவ்வளவு அக்கறை. கடல் தாண்டி இருக்கிறவன் இந்த மட்டுக்காவது யோசிக்கிறானே என்று நானும் ஆரோக்கியமேரியுமாகக் கட்டிலை இழுத்துத் திருப்பினோம். உன் அம்மா, "எதுக்குங்க திருப்புறீங்க" என்று கேட்டாள். "தம்பி சொல்லியிருக்கான்" என்றேன். நீ சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

அன்றிலிருந்து வாசல் அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது. யார் வந்தாலும் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். கீரைக்காரி ஒருநாள் சுற்றி முன்னால் வந்து கூடையைக் காட்டிப் பார்த்தாள். அடுத்த நாள் வாசலில் இருந்தே குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நோயாளி வீட்டில் அவ்வளவுதான் நடக்கும். முகம் தெரிகிற இடத்தில் இருந்தால்தான் நாலு பேர் நிற்பார்கள்.

அவள் அந்தப் படங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. இப்போது கேள். பனியில் நிற்கிற கொக்கைப் பார்த்து, "உழாத வயல்ல எதுக்கு நிக்கிது இது, மீனா பூச்சியா" என்றாள். மூங்கில் கிளையில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிற குருவியைப் பார்த்து, "இதோட சோடி எங்க? ஒத்தையா வரைஞ்சு வீட்ல மாட்டலாமா" என்று கேட்டாள். ஓரத்தில் இருக்கிற சிவப்பு முத்திரையைப் பார்த்து ரேஷன் அரிசி மூட்டையில் குத்துகிற சீல் மாதிரி இருக்கிறது என்றாள். நாங்கள் சிரித்தோம், அவளும் கோணல் வாயால் சிரித்தாள். நெல்வயல் மாதிரி ஓர் இடத்தில் மழை பெய்கிற படம் ஒன்று இருந்ததே, சாய்வாகக் கோடு கோடாகப் பெய்யுமே, அது மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. "இந்த மழை நம்ம பக்கம் பெஞ்சா என்ன" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அதை நீ எழுதியிருக்கலாம். உனக்குத் தெரியாது, எழுதவில்லை.

மயில்தான் பெரிய படம். அகலமான பூக்களுக்கு நடுவில் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பி நேரே பார்க்குமே, அது. அவள் கண்ணுக்கு நேரே மாட்டச் சொன்னாய். முருகனுக்கு உகந்தது, அம்மாவுக்குப் பிடிக்கும் என்றாய். சட்டத்தை மாட்டிவிட்டு நான் விலகினதும் அவள் முகம் மாறிப்போனது. "இந்தச் சனியனையா கொண்டாந்து மாட்டுனீங்க" என்றாள். அப்புறம், "சாமி வண்டி, வையக்கூடாது" என்று தன் வாயில் தானே வலது கையால் போட்டுக்கொண்டாள். பகல் முழுக்க அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மல்லாந்து கிடக்கிறவள் வேறு எங்கே பார்ப்பாள்? கண்ணை மூடினால் தூங்குகிறாள் என்று நாங்கள் விசிறியை வைத்துவிட்டுப் போய்விடுவோம், தனியாகிவிடுவாள். "கொல்லையில நின்னு பாத்துச்சே, அதே பார்வைங்க. நான் விழுந்து கெடக்கேன், அது பாத்துக்கிட்டே நிக்கிது" என்று ஒருநாள் அழுதாள்.

கழற்றிவிடவா என்று கேட்டேன். கூடாது என்றாள். "புள்ள ஆசையா அனுப்புனது. வீடியோவுல பாத்தா மனசு சங்கடப்படும். அந்தக் கண்ண மட்டும் மறைச்சு விடுங்க, போதும்" என்றாள். எப்படி மறைப்பது? காகிதம் ஒட்டினால் நீ கேட்பாய். நம் வீட்டில் சுவரில் இருக்கிற எந்தக் கண்ணாடிப் படத்துக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பதுதானே. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கண்ணாடியின் மேல், சரியாக அந்தக் கண் இருக்கிற இடத்தில் வைத்தேன். நடுவில் குங்குமம். அன்றைக்குத்தான் உன் அம்மா நிம்மதியாகக் கஞ்சி குடித்தாள். காய்ந்து உதிர்ந்தால் மறுபடி வைப்பேன். அவளே ஞாபகப்படுத்துவாள், "ஏங்க, கண்ணு தெரியுது" என்று.

நீ அந்த வாரம் வீடியோவில் பார்த்தாய். "அப்பா, அம்மா மயிலுக்குப் பொட்டு வச்சிருக்காங்களா" என்று கேட்டாய். உன் கண் கலங்கியது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா வலது கையால் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். சொல்லாதீங்க என்று அர்த்தம். சொல்லவில்லை. நீ அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டாய். கட்டுரையில் அந்தப் படம்தான் இருக்கிறது. கண்காட்சி அழைப்பிதழிலும் அதையே போட்டிருக்கிறாய் என்று பார்த்தேன்.

உன் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். புது வேலை, லீவு கிடையாது, பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மாதச் செலவுக்கு நீ ஒருநாளும் தாமதமாக அனுப்பியதில்லை. நானும் உனக்கு என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கெல்லாம் டியூட்டி டியூட்டி என்று வராமல் இருந்துவிட்டு, லீவு நாளில் உன்னை அரிமளம் வண்டியில் என்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒரு நடை கூட்டிப்போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைத்தவன்தானே நான். வரமுடியாதவன் எதையாவது அனுப்புவான். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் உன்னை வண்டியில் கூட்டிப் போனதை வைத்து, நல்ல தகப்பன் என்று மேடை போட்டுப் பேசவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ இனி நிறைய வீடுகளுக்குப் படம் விற்கப் போகிறாய். அதனால் தொழிலுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு சுவரில் படம் மாட்டச் சொல்லும் முன்னால், அந்தச் சுவருக்கு எதிரே இருக்கப் போகிறவர் எழுந்து வேறு பக்கம் போகக்கூடியவரா என்று கேள். எழக்கூடியவர் வீட்டில் எதை வேண்டுமானாலும் மாட்டு. எழ முடியாதவர் வீட்டில், அவருக்கு எதைப் பார்க்க ஆசை என்று அவரிடமே கேட்டுவிட்டு மாட்டு. உன் அம்மாவிடம் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசல் கேட்டைக் காட்டியிருப்பாள். நீ வந்தால் அந்த வழியாகத்தானே வருவாய்.

இனி மேடை விஷயம். விளக்கேற்ற வருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கையில் மைக்கைக் கொடுத்தால் கடைசி நாளைப் பற்றித்தான் பேசுவேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உனக்குச் சொன்னேன். டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். நான் அவளிடம், "தம்பி கெளம்பிட்டான்" என்றேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் அவள் முகம் தெளிந்ததை ஆரோக்கியமேரியும் பார்த்தாள். மத்தியானம் ஆரோக்கியமேரி சாப்பிடப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். வாசல் கேட்டின் கொண்டி விழுகிற சத்தம் வந்தது. கூரியர்காரர். "சார், ஜப்பான்லேருந்து வந்திருக்கு" என்று வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னார். அந்த ஊர்ப்பெயர் அவள் காதில் விழுந்துவிட்டது.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அட்டைக் குழாயோடு உள்ளே வருகிறேன். "தம்பியா" என்று கேட்டாள். அன்று முழுக்க அவள் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை அது. அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது, நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஆமா என்று சொல்லிவிட்டேன், தம்பி. வேறு என்ன சொல்வேன்? "எங்க, இன்னும் உள்ள வரல" என்றாள். "செருப்பக் கழட்டுறான்" என்றேன். "கால் கழுவிட்டு வரச் சொல்லுங்க. சோறு இருக்குல்ல?" "இருக்கு." தலையைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. கட்டிலைத் திருப்பு என்று வலது கையால் சைகை காட்டினாள். இழுத்திருந்தால் கட்டில் வந்திருக்கும். ஆனால் திருப்பினால் வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்துவிடுமே. அதனால் குழாயைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழாயை இன்னும் நான் பிரிக்கவில்லை. உள்ளே என்ன பறவை என்று உனக்குத்தான் தெரியும்.

முகம் உன் படங்களைப் பார்த்துத்தான் இருந்தது. நீ எழுதியதில் அந்த ஒரு வரி உண்மை. காது வாசலில் இருந்தது. நீ செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

விளக்கேற்ற வரவா, வேண்டாமா என்று சொல்.

உன் அப்பா